ரீபூட்தான் பாக்கி

சர்வர் பார்த்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்களிடம் "அப்டேட் போட்டாச்சா?" என்று கேட்டால், "போட்டாச்சு சார், ரீபூட்தான் பாக்கி" என்போம். அந்தப் பாக்கியில்தான் திருடன் நுழைகிறான்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் ஜெஃப் அர்னால்டுக்கு அப்படித்தான் நடந்தது. பலரும் பயன்படுத்தும் லினக்ஸ் சர்வரை நடுவில் நிறுத்த மனமில்லாமல் ஒத்திப்போட்டார். அதற்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். மனுஷன் புலம்பவில்லை, அதையே எம்.இ. ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். (நம்மில் பலர் ப்ராஜெக்ட் தலைப்பைத் தேடிய அழகு நமக்கே தெரியும்!) 2008-ல் 'கே-ஸ்பிளைஸ்' வந்தது.

திருத்திய ஃபங்ஷனை மெமரியில் தனியே ஏற்றி, பழையதன் தலையில் "அங்கே போ" என்று ஒரு ஜம்ப் எழுதிவிடும். பழைய ஃபங்ஷன் அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தால்? அங்கேதான் சூட்சுமம். எல்லா ப்ராசசரையும் நிறுத்தி, ஸ்டாக்கைச் சோதித்து, அதற்குள் யாரும் இல்லையென்றால் மட்டும் மாற்றும். நிறுத்தம் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு! 2005 மே முதல் 2008 மே வரை வந்த 64 பாதுகாப்புத் திருத்தங்களில் 56, புதிதாக ஒரு வரிகூட எழுதாமல் ஏறின. மற்ற எட்டுக்குக் கொஞ்சம் கைவேலை தேவைப்பட்டது.

2011-ல் ஆரக்கிள் அதை வாங்கியது. 2014-ல் ரெட் ஹேட்டும் சூசேயும் தனித்தனியே இதே வேலையில் இறங்கின. இரண்டுக்கும் பொதுவான அஸ்திவாரம் 2015 ஏப்ரலில் லினக்ஸ் 4.0-லேயே சேர்ந்தது. முழுப் புதுக் கெர்னல் போடுவதென்றால் மட்டும் வழக்கமாக ரீபூட்தான். அதை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வைத்துக்கொள்ளலாம்.