ஸ்லீவா, பைபாஸா: வீடு திரும்பிய பிறகு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எதில் அதிகக் கிலோ இறங்கும் என்பதுதான். 2018இல் வெளியான பின்லாந்து ஆய்வின்படி, ஐந்து ஆண்டு முடிவில் ஸ்லீவ் செய்துகொண்டவர்கள் தங்கள் மிகை எடையில் சராசரியாக 49 சதவீதமும், இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் 57 சதவீதமும் குறைந்திருந்தார்கள். பைபாஸ் கொஞ்சம் முந்துகிறது. அதை மட்டும் வைத்து முடிவெடுக்கிற அளவுக்கு இல்லை. எந்தத் தொல்லையோடு காலம் தள்ள முடியும் என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

முதல் சில வாரங்கள் இருவருக்கும் ஒன்றே. நீராகாரம், கஞ்சி, பிறகு குழைய மசித்தது. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் கழித்துத்தான். மூன்றாம் மாதவாக்கில் முடி கொட்டிப் பயமுறுத்தும், பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். நாளுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு இட்லியில் இரண்டு கிராம் போல. சோற்றில் கைவைத்தால் இருக்கிற இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும் என்பதால் முட்டை, மீன், பனீர், பருப்பு முதலில், சோறு கடைசியில். நம் சாப்பாட்டு வரிசையே தலைகீழாகிறது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டியெடுத்து, மிச்சத்தைக் குழாயாக்குகிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் பெருமளவு சுரக்கும் மேற்பகுதி போய்விடுவதால் தொடக்கத்தில் பசி அடங்கிக் கிடக்கும். ஆனால் உணவு போகும் பாதை மாறுவதில்லை. ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் தடையின்றி இறங்கும், உடம்பு பெரும்பாலும் முரண்டு பிடிக்காது. போன எடை திரும்பி வரும் வழிகளில் இதுவும் ஒன்று. இன்னொரு தொல்லை நெஞ்செரிச்சல். குறுகிய குழாய்க்குள் அழுத்தம் கூடி அமிலம் மேலேறும். சுவிட்சர்லாந்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்த ஆய்வில், எதுக்களிப்பு முன்பைவிட மோசமானவர்கள் ஸ்லீவில் சுமார் 32 சதவீதம், பைபாஸில் 6 சதவீதம்.

பைபாஸில் இரைப்பையிலிருந்து சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலில் இணைக்கிறார்கள். கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலையில் முதலில் விழுவது இனிப்பு. பக்கத்தில் அத்தை நின்றுகொண்டு, "ஒரு வாய்தானேப்பா, ஒண்ணும் ஆகாது" என்பார். ஆகும். பலருக்குப் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசையும் வலி, பேதி. கை கழுவிய கையோடு படுக்க இடம் தேட வேண்டிவரும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை சட்டென்று இறங்கிக் கை நடுங்கும். எல்லோருக்கும் வருவதில்லை, வந்தவர்களில் சிலர் இதை ஒரு காவல்காரனாகவே வைத்துக்கொள்கிறார்கள்.

மாத்திரைகள் இரண்டிலும் உண்டு என்றாலும் பைபாஸில் கெடுபிடி அதிகம். இரும்புச்சத்து, கால்சியம், பி12 ஆயுளுக்கும் தொடர வேண்டும். இரும்பும் கால்சியமும் இரண்டு மணி நேர இடைவெளியில். இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் பாதி வீண். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகள் தையல் போட்ட இடத்தில் புண்ணாக்கிவிடும். எடை தாங்கித் தேய்ந்த முழங்காலோடு வருகிறவர்களுக்குத்தான் இந்தத் தடை, பாவம்.

உலக அளவில் அதிகம் நடப்பது ஸ்லீவ்தான். நேரம் குறைவு, குடலில் கைவைப்பதில்லை. ஆனால் இராத்திரி இரண்டு தலையணை வைத்துப் படுக்கும் அளவுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர், சின்ன ஆபரேஷன் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எரிச்சல் முற்றிப்போன சிலருக்கு ஸ்லீவைப் பின்னால் பைபாஸாக மாற்ற வேண்டியிருக்கிறது. அவர்கள் இரண்டாம் முறையும் கஞ்சியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.