நோராத் உலகில் தேவையும் உறவும்

1999 மார்ச்சில் வெளியான எவர்குவெஸ்ட், இணையவழியில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் உலவி ஆடும் பெருந்திரள் விளையாட்டுகளுக்கு வழிவகுத்தவற்றுள் ஒன்றாகும். நோராத் எனப்பட்ட அதன் கற்பனை உலகில் பயணம் நெடியதாகவும் சாவு பேரிழப்பாகவும் இருந்தமையால், தொலைவைக் கடக்க விரும்பியோர் கப்பலுக்குக் காத்திருந்தனர். இல்லையேல் பிறரை நொடியில் இடம்பெயர்க்கும் மந்திரம் கற்ற துரூயிடு, விசார்டு வகுப்பினரை நாடிக் கூலி கொடுத்தனர். மாண்டவர் தம் உடைமைகள் கிடக்கும் சடலத்தைத் தேடிச் செல்ல நேர்ந்தது. இழந்த அனுபவப் புள்ளிகளில் பெரும்பகுதியை மீட்டுத்தர உயிர்ப்பிக்கும் ஆற்றல் பெற்ற கிளெரிக்கின் தயவு வேண்டியிருந்தது.

வணிகமும் இவ்வாறே நடந்தது. விளையாட்டை வடிவமைத்தவர்கள் சந்தை எதையும் கட்டித்தராத நிலையில், கிழக்குக் காமன்லாண்ட்ஸ் பகுதியின் சுரங்கவழியில் ஆட்டக்காரர்களே கூடிச் சரக்கைக் கூவி விற்று, பேரம் பேசி, நாணயமானவர் யார், ஏமாற்றுபவர் யார் என்பதையும் அறிந்துகொண்டனர். 2001 டிசம்பரில் வந்த விரிவாக்கம், விலை குறித்துவிட்டு ஆட்டக்காரர் அகன்றாலும் அவரது பாத்திரமே நின்று விற்கும் பஜாரை அமைத்தது. 2002 அக்டோபரில் வந்த மற்றொன்று, நகரங்களை இணைக்கும் மாயவாயில்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பேரத்தின் சலிப்பும் பயணத்தின் களைப்பும் குறைந்தன. சுரங்கவழிக் கூட்டம் கலைந்தது, இடம்பெயர்ப்போரின் தொழிலும் நலிந்தது.

2004-இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இப்போக்கு மேலும் முற்றியது. அரக்கர் உறையும் நிலவறைக்குள் நுழையத் துணைவர்களைத் தேடி அழைத்து, அதன் வாயில்வரை உடன் பயணித்த வழக்கத்தை, 2009 டிசம்பரில் வந்த தேடற்கருவி மாற்றியது. வெவ்வேறு சர்வர்களில், அதாவது ஒரே உலகின் தனித்தனிப் படிகளில், ஆடுவோரை அது தானே குழுவாக்கி உள்ளே சேர்த்தது. ஒரே சர்வரில் கொள்ளைப்பொருளைக் கவர்ந்தவரின் பெயர் கெட்டு, பின்னர் அவரைச் சேர்ப்பார் இல்லாதுபோகும் என்ற அச்சம், மறுபடி சந்திக்கவே வாய்ப்பில்லாதவர்களிடையே வலுவிழந்தது.

வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே ஒரு மணி நேரமே கிடைத்தவர்களுக்கு இவ்வசதி பெருங்கொடை என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் 2019-இல் பழைய வடிவத்தை மீட்டு வெளியிட்ட கிளாசிக் பதிப்பு அக்கருவியின்றியே வந்தபோது, பழைய முறையைப் பலர் விரும்பி ஏற்றனர். அவ்வுலகங்களில் அறிமுகமில்லாதவரை அண்டச் செய்தது நற்பண்பு மட்டுமன்று, ஒருவருக்கொருவர் தேவைப்பட்ட நிலைமையுமாகும். ஆகவே ஒரு சிரமத்தை நீக்க முனைவோர், அச்சிரமத்தை நம்பி வளர்ந்த உறவு எது என்பதை முதலில் கண்டறிந்து, அதற்கு வேறு பிடிமானம் அளிக்கக் கடமைப்பட்டவர்கள்.