பாலினமற்ற உயிர்களுக்கும் முதுசொம் உண்டு

ஜப்பானில் 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 27 ஆம் திகதி 'போக்கிமொன்' என்னும் காணொளி விளையாட்டு, சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக விற்பனைக்கு வந்தது. நிண்டென்டோ நிறுவனத்தின் 'கேம் போய்' என்ற கையடக்கக் கருவிக்காக அதனை ஆக்கியது கேம் ஃபிரீக் நிறுவனமாகும். அதன் மூலகர்த்தாவான சத்தோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகர்ப் பகுதியான மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேகரிப்பதில் பெருவிருப்புக் கொண்டிருந்தவர். விசித்திரமான உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, மோதவிட்டு, நண்பர்களுடன் பண்டமாற்றுச் செய்துகொள்ளும் இவ்விளையாட்டுக்கு அந்தச் சேகரிப்பு ஆசையே வித்தாயிற்று.

இந்த விளையாட்டு ஈட்டிய வருவாயைப் பற்றியும், அது பிள்ளைகளை ஆட்கொண்ட விதத்தைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். அதனுள்ளே ஒரு வாரிசுரிமைச் சட்டம் படிப்படியாக எழுதப்பட்டு வந்துள்ளமையைக் கவனித்தோர் குறைவு. யாருடைய சொத்து யாருக்குச் சேரும், தாய்வழி எது, தந்தைவழி எது, இவ்விரு வழியிலும் சேராதவரின் கதி என்ன என்ற கேள்விகளுக்கு அந்தச் சட்டம் அளித்த விடைகளும், பின்னர் அவ்விடைகள் திருத்தப்பட்ட விதமும் மனிதர் இயற்றும் சட்டங்களின் வரலாற்றையே நினைவூட்டுகின்றன.

1996 ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்கேள்விகளுக்கு இடமே இருக்கவில்லை. அதிலிருந்த 151 இனங்களுள் 'நிடோரான்' என்ற ஒன்று மாத்திரமே ஆண், பெண் என இரு தனி இனங்களாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தது. ஏனையவற்றுக்குப் பால் குறிக்கப்படவில்லை. பராமரிப்பு நிலையம் ஒன்று அவ்விளையாட்டில் இருந்ததெனினும் அங்கே ஓர் உயிரை மட்டுமே விட்டுச்செல்ல முடியும். அது வளரும், அவ்வளவுதான்.

நிலைமை மாறியது 1999 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் திகதி வெளியான தங்கம், வெள்ளிப் பதிப்புகளில். புதிதாக 100 இனங்கள் சேர்ந்து தொகை 251 ஆனது. பராமரிப்பு நிலையத்தில் இரண்டு உயிர்களை ஒன்றாக விடலாம் என்றும், அவை பொருந்தினால் முட்டை ஒன்று கிடைக்கும் என்றும் புதிய விதி வகுக்கப்பட்டது. அந்நிலையத்தை நடத்தும் முதியவருக்குக்கூட அந்த முட்டை எப்படி வந்தது என்பது தெரியாது. பிள்ளைகளுக்கான விளையாட்டு அல்லவா, விளக்கம் அத்தோடு நிறுத்தப்பட்டது.

இனப்பெருக்கம் என்று வந்ததும் ஒவ்வோர் இனத்துக்கும் பால் குறித்தாக வேண்டியதாயிற்று. இங்கே ஆக்கியோர் ஒரு சிக்கலை எதிர்கொண்டனர். பழைய பதிப்பிலுள்ள உயிர்களையும் புதிய பதிப்புக்குக் கொண்டுவரலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் பழைய பேழைகளில் பால் பற்றிய குறிப்பு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. எனவே ஒவ்வோர் உயிரிடமும் ஏற்கெனவே இருந்த ஓர் எண்ணிலிருந்தே பாலைக் கணித்தனர். அது தாக்கும் வலிமைக்குரிய பிறவி எண். எண் குறைவாயின் பெண், கூடுதலாயின் ஆண். இதன் விளைவாக, ஓரினத்தின் எந்தப் பெண்ணும் அவ்வினத்தின் எந்த ஆணையும் விடக் குறைந்த தாக்கு எண்ணுடனேயே பிறந்தது. 2002 ஆம் ஆண்டின் மாணிக்கம், நீலக்கல் பதிப்புகளிலேதான் இவ்வநீதி நீங்கியது. பாலினமற்றவை மட்டும் இந்தப் பாகுபாட்டுக்கு ஆளாகவில்லை. அவற்றுக்கு வாய்த்த நன்மை அநேகமாக இது ஒன்றே எனலாம்.

எவை அந்தப் பாலினமற்றவை? முதற்பதிப்பின் 151 இனங்களுள் 13 அவ்வாறு வகுக்கப்பட்டன. காந்தத்தைப் போன்ற மாக்னமைட், வெடிக்கும் பந்தான வோல்டோர்ப், நட்சத்திர மீனை ஒத்த ஸ்டார்யூ ஆகிய மூன்றும் அவற்றின் வளர்ந்த வடிவங்கள் மூன்றும், கணனி நிரலால் உருவான போரிகொன், எதுவாகவும் உருமாற வல்ல டிட்டோ, இவற்றோடு ஐந்து அபூர்வ உயிர்கள். ஜப்பானிய மொழியில் இவற்றைப் 'பால் அறியப்படாதவை' என்றே குறிப்பிடுவர். தமிழ் வாசகருக்கு இதில் வியப்பில்லை. ஆண்பால், பெண்பால் என்ற பகுப்பை உயர்திணைக்கே உரியதாக்கி, அஃறிணையை ஒன்றன்பால், பலவின்பால் என்று எண்ணிக்கையால் மட்டும் பிரித்த இலக்கணம் நம்முடையது.

அபூர்வ உயிர்கள் ஐந்துக்கும் முட்டையே கிடையாது என்று விதித்தாயிற்று. அவை அரியனவாகவே இருக்கவேண்டும் என்பதால் அதைப் புரிந்துகொள்ளலாம். எஞ்சியவற்றுக்கு என்ன வழி? உயிரியல் ஒரு வழியைக் காட்டியே இருந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் பொனே, அசுவினி என்னும் செடிப்பேன் ஒன்றைத் தனியே அடைத்துவைத்து, துணையின்றியே அது குஞ்சு ஈனுவதை 1740 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். பூச்சி சேகரித்தவரின் கற்பனையில் பிறந்த விளையாட்டு இவ்வழியை எடுத்துக்கொள்ளவில்லை. பராமரிப்பு நிலையத்துக்கு இருவர் வேண்டும் என்ற விதி மாறவில்லை. அதற்குப் பதிலாக, பாலினமற்றவை அனைத்துக்கும் ஒரேயொரு துணையை நியமித்தார்கள். அதுவே டிட்டோ.

டிட்டோ ஆணோடும் சேரும், பெண்ணோடும் சேரும், பாலினமற்றவற்றோடும் சேரும். இன்னொரு டிட்டோவோடு மட்டும் சேராது. பிறக்கும் குஞ்சு எப்போதும் மற்றப் பெற்றோரின் இனத்தையே சாரும். ஆக, எத்தனை வமிசங்களைத் தழைக்கச் செய்தாலும் தனக்கென ஒரு குஞ்சு டிட்டோவுக்கு வாய்ப்பதில்லை.

பாலினமற்றவற்றின் வமிசம் இவ்வாறு காப்பாற்றப்பட்டது. ஆனால் வமிசம் வேறு, முதுசொம் வேறு. பெற்றோர் வழியாக வந்து சேரும் சொத்தை முதுசொம் என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. இவ்விளையாட்டிலும் குஞ்சுகளுக்கு முதுசொம் உண்டு. அது இனத்தோடு முடிவதில்லை. தந்தை கற்ற சில வித்தைகள் முட்டையிலேயே குஞ்சுக்குச் சேரும். டிட்டோ அறிந்ததோ உருமாறுதல் என்ற ஒரே வித்தை. ஆகவே மாக்னமைட்டுக்கும் வோல்டோர்ப்புக்கும் ஸ்டார்யூவுக்கும் போரிகொனுக்கும் அத்தகைய வித்தைப் பட்டியலே 1999 இல் வைக்கப்படவில்லை. தந்தை என்று ஒருவர் இல்லாதவிடத்துத் தந்தைவழிச் சொத்து எங்கிருந்து வரும்?

தாய்வழியிலும் இதே நிலைதான். 2010 ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளிவந்த கறுப்பு, வெள்ளைப் பதிப்புகளில் 'மறைந்த ஆற்றல்' என்ற ஒன்று புகுத்தப்பட்டது. அதைக் குஞ்சுக்குக் கொடுக்கும் உரிமை தாய்க்கு மட்டுமே இருந்தது. 2013 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வந்த எக்ஸ், வை பதிப்புகளிலேதான், டிட்டோவோடு சேரும் ஆணும் பாலினமற்றதும் அந்த உரிமையைப் பெற்றன. ஆயினும் அதே பதிப்புகளில் இன்னொரு பழைய பிழை புதிதாகச் செய்யப்பட்டது. தாய் எந்தப் பந்தில் பிடிபட்டதோ அதே வகைப் பந்து குஞ்சுக்கும் கிடைக்கும் என்றார்கள். பாலினமற்றதன் குஞ்சுக்கோ சாதாரணப் பந்தே மிஞ்சியது. 2016 ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான சூரியன், சந்திரன் பதிப்புகளிலே அதுவும் திருத்தப்பட்டது.

இவ்வரலாற்றில் விநோதங்களுக்கும் குறைவில்லை. 2002 இல் அறிமுகமான ஷெடின்ஜா, பூச்சி உரித்த வெறுங்கூட்டின் வடிவம். பாலினமற்ற அது டிட்டோவோடு சேர்ந்தால் பிறப்பது நின்காடா. நின்காடாவுக்கோ ஆண், பெண் உண்டு. 2006 இல் வந்த மனாஃபி, அபூர்வ உயிர்களுள் முட்டைபெறும் விதிவிலக்கு. ஆனால் அதன் குஞ்சான ஃபியோனே எவ்வளவு வளர்ந்தாலும் மனாஃபி ஆவதில்லை. அதே 2006 இல், பெற்றோர் இருவரும் வெவ்வேறு மொழிப் பதிப்புகளிலிருந்து வந்தால் அரிய நிறத்தில் குஞ்சு பிறக்கும் வாய்ப்பு 8192 இல் ஒன்றிலிருந்து ஐந்தாக உயரும் என்ற விதியும் வந்தது. டிட்டோவே ஏகத் துணை என்பதால், வெளிநாட்டு டிட்டோ ஒன்று கையிலிருப்பது பெரும் பேறாயிற்று. புலம்பெயர்ந்தோருக்கு இப்படியொரு மவுசு வேறெங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

2022 ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான ஸ்கார்லெட், வயலெட் பதிப்புகளில் பராமரிப்பு நிலையமும் இல்லாமற்போனது. சுற்றுலா விருந்தொன்றின் கூடையிலேயே முட்டை கிடைக்கிறது. இத்தனை மாற்றங்களின் பின்னரும் பாலினமற்றவைக்கு டிட்டோவை விட்டால் வேறு துணை இல்லை.

1999 இல் விதி வகுத்தோர் பாலினமற்றவற்றின் மேல் பகைமை கொண்டிருந்தார்கள் என்று எவரும் சொல்லமுடியாது. வமிசம் அழியாதிருக்க அவர்களே ஒரு வழியையும் திறந்துவிட்டார்கள். ஆனால் பின்னர் எழுதிய ஒவ்வொரு புதிய விதியையும் 'தாய்', 'தந்தை' என்ற இரு சொற்களைக் கொண்டே எழுதினார்கள். அவ்விரு சொற்களுள்ளும் அடங்காதவர் ஒவ்வொரு தடவையும் வெளியே நின்றனர். 2010 இன் விடுபாட்டை 2013 இல் திருத்தினார்கள். 2013 இன் விடுபாட்டைத் திருத்த 2016 வரை சென்றது. முதலிலேயே 'பெற்றோர்' என்று எழுதியிருந்தால் இந்தத் திருத்தங்கள் எவற்றுக்கும் தேவை ஏற்பட்டிராது. விளையாட்டில் இழந்தது ஒரு வித்தையும் ஒரு பந்தும் மாத்திரமே. ஆனால் மனிதருக்கான சட்டங்களும் இவ்வாறே எழுதப்படுகின்றன. அங்கே வெளியே நிற்பவர்கள் மனிதர்கள்.