வெண்ணெய்நல்லூர் அவையும் இயற்கை நீதியும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூர், நாயன்மாருள் ஒருவரான சுந்தரர் பிறந்த ஊர். அவருடைய திருமணத்தை நிறுத்திய அடிமை வழக்கைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. பக்தியோடு ஓதப்படும் அந்தப் பகுதி, தமிழகத்து விசாரணை முறைக்கும் நல்ல சான்று. அதை இயற்றிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர். எனவே அவர் காட்டும் அவை நடைமுறையில் சோழர் காலத்து வழக்காடு முறையின் சாயல் இருப்பதாகக் கொள்ளலாம்.

புத்தூரில் மணப்பந்தலுக்கு வந்த முதியவர், நாவலூர் ஆரூரர், அதாவது சுந்தரர், தமக்கு வழிவழி அடிமை என்று ஓர் ஓலையைக் காட்டுகிறார். ஆரூரர் சினந்து அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது.

அவையோர் எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தணர் அந்தணருக்கு அடிமையாகும் வழக்கம் உலகில் இல்லையே என்று முதியவரிடமே கேட்கிறார்கள். ஆரூரரின் பதிலையும் கேட்கிறார்கள். பிறகு, மெய்ப்பிக்கும் பொறுப்பை வழக்குத் தொடுத்தவர் மீதே வைக்கிறார்கள். நெடுநாள் வழக்கம், ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். இதையும் கிழிக்க விடமாட்டோம் என்று அவை உறுதி தந்த பிறகே அவர் அதை நீட்டுகிறார்.

அவையின் எழுத்தரான கரணத்தான் ஓலையை அவையறியப் படிக்கிறான். சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் தங்கள் எழுத்தை ஒப்புக்கொள்கிறார்கள். ஓலையை எழுதியவராகச் சொல்லப்பட்ட தம் பாட்டனாரின் எழுத்துத்தானா என்று பார்க்க ஆரூரருக்கும் வாய்ப்புத் தரப்படுகிறது. அதோடும் விடவில்லை. காப்பிலிருந்த பாட்டனாரின் வேறொரு ஓலையை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே ஆரூரர் தோற்றார் என்கிறது அவை. மூல ஆவணத்துக்கு முதன்மை, மெய்ப்பிக்கும் சுமை, கையெழுத்து ஒப்பீடு ஆகிய மூன்றும் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் தனித்தனிப் பிரிவுகளாக இடம்பெற்றவை.

பொறுப்பில் இருப்பவர் நடுநிலை தவறக் கூடாது என்ற கவலை கல்வெட்டிலும் உண்டு. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் தேர்வுக்குத் தகுதியற்றவராக்கியது. இங்கிலாந்தில் 1610இல் டாக்டர் போனம் வழக்கில், அபராதத்தில் பங்கு பெறும் மருத்துவக் கல்லூரியே அபராதம் விதிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்றார் தலைமை நீதிபதி கோக்.

பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்க வேண்டும், தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது என்ற இவ்விரண்டும் சேர்ந்ததே இயற்கை நீதிக் கோட்பாடு. சுதந்திர இந்தியாவில் அது அரசு அலுவலகங்களுக்குள்ளும் நுழைந்தது. ஒரிசா அரசு மருத்துவர் பீனாபாணி தேய் வழக்கில், பிறந்த தேதியை அரசே மாற்றி அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தது. அதற்கு ஆதாரமான விசாரணை அறிக்கையை அவருக்குக் காட்டவே இல்லை. நிர்வாக ஆணையே ஆனாலும் ஒருவரைப் பாதிக்குமானால் இயற்கை நீதிக்கு உட்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. ஆரூரருக்கு அவை காட்டிய ஓலையைப் போன்ற ஒன்று அந்த மருத்துவருக்கு மறைக்கப்பட்டிருந்தது. 1969இல் கிரைபாக் வழக்கில், தாமே போட்டியிடும் பதவிக்கான தேர்வுக் குழுவில் ஒருவர் உறுப்பினராக அமர்ந்ததால் தேர்வே ரத்தானது. 1978இல் மேனகா காந்தி வழக்கு, சட்டம் வகுத்த நடைமுறையே நியாயமானதாக இருக்க வேண்டும் என்றது.

வெண்ணெய்நல்லூர் அவை கேளாத கேள்வி ஒன்று உண்டு. பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை பேரனைக் கட்டுப்படுத்தலாமா? விசாரணை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், அடிமைமுறையை ஏற்ற சட்டத்தின் கீழ் முடிவு அடிமைத்தனமாகவே இருக்கும். 1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் சட்டம் அடிமை உரிமைக்கு நீதிமன்றத்தில் இடமில்லாமல் செய்தது. முன்னோர் வாங்கிய கடனுக்காகவோ வாரிசாக வந்த கடப்பாட்டுக்காகவோ ஒருவரை உழைக்க வைப்பதையும் கொத்தடிமை முறை என்றே வரையறுத்து, 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. அன்று அவை ஏற்ற அந்த மூல ஓலை இன்று நீதிமன்றத்துக்கு வந்தால், கையெழுத்தை ஒப்பிடும் கட்டத்துக்கே போகாமல் செல்லாததாகிவிடும்.