சிகரெட்டில் கட்டிய ஸ்டேடியம்

2024 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் புதிய கூரை போடப்போவதாகக் கியூபெக் மாகாண அரசு அறிவித்தது. செலவு 87 கோடி கனேடிய டாலர். அன்று மாலை நான் கீழ்வீட்டில் வீட்டுக்காரரோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதை நெருங்குபவர். டிவியில் செய்தி ஓடியது. அவர் சிரித்தார்.

"நான் இஞ்ச வந்தது எண்பத்தாறில தம்பி. அந்த விளையாட்டு நடந்தது எழுபத்தாறில. அதை நான் கண்ணாலயும் காணேல்லை. ஆனா இருபது வரியம் அதுக்குக் காசு கட்டியிருக்கிறன், தெரியுமோ?"

எனக்குப் புரியவில்லை. இரண்டு விரல்களை உதட்டில் வைத்துக் காட்டினார். "சிகரெட். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி."

அவர் சொன்னது வேடிக்கைக்காக அல்ல என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. 1976ல் ஒலிம்பிக் கடனை அடைப்பதற்காகக் கியூபெக் அரசு புகையிலைமேல் ஒரு சிறப்பு வரி போட்டது. கடன் தீர்ந்தது 2006ன் இறுதியில். முப்பது வருடம்! அதில் கடைசி இருபது வருடம் இவர் இங்கே இருந்திருக்கிறார். போருக்குத் தப்பி வந்து, ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவி, குளிரில் வாசலில் நின்று பிடித்த ஒவ்வொரு சிகரெட்டிலும் அந்த ஸ்டேடியத்துக்கு ஒரு சில்லறை போயிருக்கிறது.

நம்மூரில் மாண்ட்ரியல் ஒலிம்பிக் என்றால் ஹாக்கிதான் ஞாபகம் வரும். முதன்முதலாகச் செயற்கைப் புல்லில் ஆடி, இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கிய போட்டி. மற்றவர்களுக்கு நாடியா கொமனேச்சியின் முழுப் பத்துப் புள்ளிகள். மாண்ட்ரியல்காரர்களிடம் கேட்டால் முதலில் கடனைச் சொல்வார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கதையின் நாயகர் மேயர் ழான் டிராப்போ. 1954ல் முதல்முறை மேயரானார். 57ல் தோற்று, 60ல் திரும்பி வந்து, 86 வரை அசையவில்லை. அவரை வெறும் ஆடம்பரப் பிரியர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1966ல் திறந்த மாண்ட்ரியல் மெட்ரோ அவர் காலத்தில் வந்தது. 67ன் எக்ஸ்போ உலகக் கண்காட்சியும் அவர் கொண்டுவந்ததுதான். நானும் தினமும் அந்த மெட்ரோவில்தான் வேலைக்குப் போகிறேன். ஒரு மனிதர் இரண்டு முறை பெரிதாகக் கனவு கண்டு, இரண்டு முறையும் ஜெயித்துவிட்டால், மூன்றாவது முறை அவரிடம் யார் கணக்குக் கேட்பார்கள்?

1970 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் மாஸ்கோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் தோற்கடித்து மாண்ட்ரியல் 1976 ஒலிம்பிக்கை வாங்கிவந்தது. எளிமையான போட்டி, தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் போட்டி என்பதுதான் வாக்குறுதி. அப்போது சொன்ன மதிப்பீடு 12.4 கோடி டாலர். 1973ல் அது 31 கோடியானது. நாணயம், தபால்தலை, லாட்டரி மூலம் எல்லாம் வந்துவிடும் என்றார்கள். ஓர் ஆண் பிள்ளை பெற முடியாத மாதிரி, ஒலிம்பிக்கிலும் பற்றாக்குறை வர முடியாது என்று டிராப்போ சொன்னது அந்த வருடம்தான். பற்றாக்குறை ஊரறிய வந்தபோது, மாண்ட்ரியல் கார்ட்டூனிஸ்ட் ஐஸ்லின் ஒரு படம் போட்டார். வயிறு புடைத்த டிராப்போ, கருக்கலைப்பு மருத்துவர் மார்கெண்டாலருக்கு போன் போடுகிறார். கனடாவின் மிகப் புகழ்பெற்ற கார்ட்டூன்களில் அதுவும் ஒன்று.

ஸ்டேடியத்தை வடிவமைத்தவர் ரோஜர் தாயிபேர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். 45 பாகை சாய்ந்த, 165 மீட்டர் உயரக் கோபுரம். அதிலிருந்து கம்பிவடங்களில் தொங்கும் கூரை. வேண்டும்போது குடை மாதிரிச் சுருக்கிக்கொள்ளலாம். காகிதத்தில் அழகோ அழகு. கனேடியக் குளிரில், வேலைநிறுத்தங்களுக்கு நடுவில், ஏறுகிற விலைவாசியில் அதைக் கட்டி முடிக்க முடியவில்லை. 1975 நவம்பரில் மாகாண அரசு வேலையை நகரசபையின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. 1976 ஜூலை 17 அன்று எலிசபெத் மகாராணி போட்டியைத் தொடங்கிவைத்தபோது கோபுரம் பாதியில் நின்றது, கூரையே இல்லை. கோபுரம் முடிந்தது 1987ல்.

அதே காலத்தில் நகரத்தின் மற்ற பக்கம் எப்படி இருந்தது?

1974 அக்டோபர் கடைசியில் மாண்ட்ரியல் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறிக்கொண்டிருந்த காலம். அதற்கு ஈடாகப் பணம் கேட்டார்கள். நகரசபையோடு பேச்சு முறிந்தது. அந்த வாரக் கடைசியில் தொழிலாளர்கள் வாழ்ந்த சென்டர்-சூட் பகுதியில் வீடுகள் வரிசையாக எரிந்தன. அணைக்க ஆள் இல்லை. 'சிவப்பு வாரக்கடைசி' என்று அதை இன்றும் சொல்கிறார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, நவம்பர் 10 அன்று நகராட்சித் தேர்தல். அந்த வருடம்தான் தொடங்கியிருந்த மாண்ட்ரியல் குடிமக்கள் இயக்கம், வீட்டு வசதியும் பொதுப் போக்குவரத்தும் பேசி, 55 இடங்களில் 18ஐப் பிடித்தது. டிராப்போ மீண்டும் மேயரானார். ஆனால் 1970ல் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வாங்கிய ஓட்டு இப்போது பாதியை ஒட்டி வந்துவிட்டது. சாதாரண ஜனங்கள் ஏதோ சொல்ல முயன்றிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் சாக்கடை. உலகத்தையே விருந்துக்கு அழைத்த அந்த நகரம், தன் கழிவுநீரில் பெரும்பகுதியைச் சுத்திகரிக்காமல் அப்படியே செயின்ட் லாரன்ஸ் நதியில் விட்டுக்கொண்டிருந்தது. தீவின் கிழக்குமுனையில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது 1984ல்; தீவு முழுக்க அதோடு இணைந்தது தொண்ணூறுகளின் நடுவில். நிலவில் மனிதன் நடந்து, திரும்பி வந்து, கால் நூற்றாண்டுக்குப் பிறகு.

ஒலிம்பிக்குக்குச் செலவழித்திருக்காவிட்டால் அந்தப் பணம் சாக்கடைக்குப் போயிருக்குமா? போயிருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. 'ஸ்டேடியமா, சாக்கடையா' என்று எந்த நகரசபையும் ஒரே தீர்மானத்தில் வைத்து ஓட்டுப்போடுவதில்லை. இரண்டும் வேறு வேறு கோப்புகள். ஒரு கோப்பில் தேதி இருக்கிறது, மற்றதில் இல்லை. விஷயம் அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் 'டெக்னிகல் டெட்' என்று ஒரு சொல் உண்டு. தொழில்நுட்பக் கடன். டெமோ தேதி வந்துவிட்டால் அதற்கு வேண்டியதை மட்டும் ராத்திரி பகலாக எழுதுவோம். உள்ளே அரித்துக்கொண்டிருக்கும் பழைய பகுதியைச் சரிசெய்வது 'அடுத்த ரிலீஸ்'. அடுத்த ரிலீஸுக்கும் ஒரு டெமோ இருக்கும். மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு எல்லாம் விழும்போது, டெமோ காட்டியவர் பதவி உயர்வு பெற்று வேறெங்கோ போயிருப்பார். எழுந்து உட்கார்ந்து சரிசெய்பவன் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையன். கடன் என்ற சொல் அதற்கு மிகப் பொருத்தம். வாங்கும்போது அறையில் இல்லாதவன்தான் கட்டுவான்.

ஸ்டேடியத்துக்குத் திறப்பு விழாத் தேதி இருந்தது. உலகமே அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தள்ள முடியாது என்பதால் எந்த விலையும் கொடுக்கத் தயாரானார்கள். சாக்கடைக்குத் தேதி இல்லை. இந்த வருடம் செய்யாவிட்டால் அடுத்த வருடம் செய்யலாம், நதி ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே ஒலிம்பிக் தேதியைக் காட்டித்தான் மெட்ரோவின் பச்சைத் தடத்தைக் கிழக்கே நீட்டினார்கள். 1976 ஜூனில் ஓடத் தொடங்கிய அந்தத் தடம் இன்றும் ஓடுகிறது. தேதி ஒரு வலிமையான கருவி. ஒரு நகரம் எந்த வேலையின் கழுத்தில் அதைக் கட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மற்ற ஊர்கள் என்ன செய்தன? அதே 1976ன் குளிர்கால ஒலிம்பிக் முதலில் அமெரிக்காவின் டென்வருக்குக் கிடைத்திருந்தது. 1972 நவம்பரில் அந்த மாநிலத்து மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். பொதுப்பணம் கொடுக்க மாட்டோம் என்றார்கள் மக்கள். போட்டி ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்குக்குப் போய்விட்டது. மாண்ட்ரியலின் கடனைப் பார்த்த பிறகு, 1984 போட்டிக்கு வேறு யாரும் போட்டிக்கு நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் தன் நிபந்தனையில் எடுத்தது. அங்கும் நகரத்தின் பணத்தைத் தொடக்கூடாது என்று மக்கள் ஓட்டளித்திருந்தார்கள். 1923ல் திறந்த பழைய கொலீசியத்தையே பிரதான அரங்கமாக்கி, இருபது கோடி டாலருக்கு மேல் உபரி காட்டினார்கள். இரண்டு இடங்களிலும் ஜனங்களைக் கேட்டார்கள். மாண்ட்ரியலில் அப்படி ஓர் ஓட்டெடுப்பு நடக்கவில்லை. 1980ல் வந்த நீதிபதி மலூஃபின் விசாரணை அறிக்கை பொறுப்பை முக்கியமாக டிராப்போமேல் வைத்தது. அதற்குப் பிறகும் ஆறு வருடம் அவர்தான் மேயர்.

கடன் எல்லாம் சேர்ந்து 150 கோடி டாலரை ஒட்டிப் போனது. அதை அடைக்கும் வழியாகப் புகையிலையைத் தேர்ந்தெடுத்தது அரசுக்கு வசதி. புகைப்பவர்களுக்காக யாரும் ஊர்வலம் போக மாட்டார்கள். ஆனால் அதிகம் புகைப்பவர்கள் யார்? இரவுக் காவலாளி, தொழிற்சாலைக்காரர், சமையலறையில் நிற்பவர். ஸ்டேடியத்தின் நல்ல இருக்கைகளில் உட்காராதவர்கள். 2006 மே கடைசியில் கியூபெக்கில் மதுக்கடை, உணவகங்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்தபோது வரி வசூல் குறைந்து, கடன் தீர்வதும் சற்றுத் தள்ளிப்போனது. மக்கள் புகையை விட்டால் ஸ்டேடியக் கடன் நீளும் என்ற அபூர்வமான கணக்கு அது.

அந்த 2006ன் இலையுதிர்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. செப்டம்பர் 30, சனிக்கிழமை மதியம், மாண்ட்ரியலை ஒட்டிய லவால் நகரில் கொன்கோர்ட் மேம்பாலம் இடிந்து விழுந்தது. ஐந்து பேர் செத்துப்போனார்கள். 1970ல் கட்டிய பாலம். உள்ளே கம்பிகள் தவறான இடத்தில் இருந்தன, காங்கிரீட் தரமில்லை, பிறகு ஒழுங்காகப் பரிசோதித்துப் பராமரிக்கவும் இல்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஸ்டேடியக் கடனால்தான் பாலம் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைசித் தவணை கட்டிய அதே பருவத்தில், தவணையே போடாத இன்னொரு கடன் தன் வசூலை எடுத்துக்கொண்டது.

ஸ்டேடியமும் சும்மா இருக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் போட்ட கூரை காற்றில் கிழிந்துகொண்டே இருந்தது. 1991ல் 55 டன் காங்கிரீட் உத்தரம் ஒன்று வெளிப்பக்கம் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. 1998ல் போட்ட இரண்டாவது கூரை, 1999 ஜனவரியில் பனியின் எடை தாங்காமல் கிழிந்து, கார் கண்காட்சிக்குத் தயார் செய்துகொண்டிருந்த ஐந்து தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். அங்கே ஆடிய எக்ஸ்போஸ் பேஸ்பால் அணி 2004ஓடு ஊரைவிட்டே போய்விட்டது. கூரைமேல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பனி இருந்தால் உள்ளே நிகழ்ச்சி நடத்தக்கூடாது என்று விதி இருந்தது. மாண்ட்ரியலில்! இப்போது போடுவது மூன்றாவது கூரை. இடித்துவிடலாமே என்று கேட்டால், அதற்கு 200 கோடி ஆகும் என்கிறது அரசு. இழுத்து முறுக்கிய எஃகு வடங்களால் இறுக்கிய காங்கிரீட், கீழே மெட்ரோ. வெடிவைக்க முடியாது, துண்டு துண்டாகக் கழற்ற வேண்டும். வைத்திருப்பதைவிட விடுவதற்கு அதிகம் ஆகும். கந்துவட்டிக்காரனிடம் மாட்டியவனுக்கு இது புரியும்.

அந்த அறிவிப்பு வந்த 2024ன் ஆகஸ்டில் டெபி புயலின் மிச்சம் மாண்ட்ரியல்மேல் கொட்டியது. ஒரே நாளில் 150 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. எங்கள் வீட்டு அடித்தளத்தில், தரையில் இருந்த வடிகால் துவாரம் வழியாகச் சாக்கடைத் தண்ணீர் மேலே வந்தது. அடுத்த வாரமே, ஜாக் கார்த்தியே பாலத்துக்குப் பக்கத்தில் பெரிய குடிநீர்க் குழாய் ஒன்று வெடித்து, தெருவில் ஊற்று மாதிரி எழும்பியது. இந்த நகரம் சுத்திகரித்து ஏற்றும் குடிநீரில் நீண்டகாலமாகக் கணிசமான பங்கு மண்ணுக்குள்ளேயே கசிந்துபோகிறது. அப்படிப்பட்ட மழையை எந்த ஊர்ச் சாக்கடையும் தாங்காது என்பது உண்மைதான். வடங்களில் தொங்கும் கூரைக்குச் செய்தியாளர் கூட்டம் உண்டு, மண்ணுக்குள் கிடக்கும் குழாய்க்குக் கிடையாது என்பதும் உண்மைதான்.

மறுநாள் காலை வீட்டுக்காரரும் நானும் நனைந்த பெட்டிகளை வெளியே தூக்கிவந்தோம். ஒன்றில் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த ஆல்பம். அவர் அம்மாவின் படம் ஊறி, முகம் கலைந்திருந்தது. அதைச் சுவரில் சாய்த்து வெயிலில் வைத்தார்.

"உந்தக் கூரை எப்ப முடியுமாம் தம்பி?" என்றார்.

"2028னு சொல்றாங்க அங்கிள்."

"அதுக்குத் திகதி இருக்கு," என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டியை எடுக்கக் கீழே இறங்கினார்.