லொறியென்று பதிவான கார்

மோட்டார் வாகனங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் பொறியியலாளர்களைப் பற்றியும் தொழிலதிபர்களைப் பற்றியுமே எழுதுகிறார்கள். சட்டங்களை வரைந்தவர்களைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. ஆனால், எஸ்.யூ.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படுகின்ற பாரிய வாகனங்களின் கதையில் பொறியியலாளரின் வரைபடத்துக்கு இருந்த அளவு பங்கு, சட்டப் புத்தகத்தில் இருந்த ஒரு சொல்லுக்கும் இருந்தது. 'லொறி' என்பதே அந்தச் சொல்.

பாரிஸ் மாநகரில் 2024 பெப்ரவரி 4 ஆம் திகதி ஒரு வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. வெளியிலிருந்து நகருக்குள் வருகின்ற எடை கூடிய கார்களிடமிருந்து தரிப்பிடக் கட்டணத்தை மும்மடங்காக அறவிடலாமா என்பதே மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. வாக்களித்தவர்களில் சுமார் 54.5 சதவீதமானவர்கள் ஆம் என்றனர். ஆனால், வாக்களிக்கச் சென்றவர்களோ மொத்த வாக்காளர்களில் ஆறு சதவீதத்துக்கும் குறைவானவர்களே. சர்வதேச சக்தி முகவரமைப்பின் கணக்கின்படி 2023 ஆம் ஆண்டில் உலகில் விற்பனையான கார்களில் 48 சதவீதமானவை எஸ்.யூ.வி. ரகத்தைச் சேர்ந்தவை. அன்றாடப் பாவனைக்கு இத்தகைய வாகனங்கள் தேவைதானா என்ற விவாதம் இன்று ஐரோப்பிய நகரங்களில் சூடு பிடித்திருந்தாலும், அது முதலில் பெரிதாக எழுந்தது அமெரிக்காவிலேயே. அங்கே என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ளாமல் இந்த விவாதத்தில் எந்தத் தரப்பை ஆதரிப்பதும் பயனற்றது என்பது எனது அபிப்பிராயம்.

இரண்டாவது உலகப்போர் மூண்டிருந்த நிலையில், 1940 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்தின் வேண்டுகோளுக்கு இணங்க உருவாக்கப்பட்ட சிறிய வாகனமே ஜீப். வில்லிஸ் ஓவர்லான்ட், போர்ட் ஆகிய நிறுவனங்கள் போர்க்காலத்தில் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளை உற்பத்தி செய்தன. போர் முடிவடைந்த 1945 ஆம் ஆண்டில் வில்லிஸ் நிறுவனம் அதை விவசாயிகளுக்கும் விற்கத் தொடங்கியது. பிரிட்டனில் 1948 இல் லான்ட் றோவர் வந்தது. இவையெல்லாம் வேலைக்கான வாகனங்கள். சேற்றிலும் மேட்டிலும் ஓடவேண்டியவர்களே அவற்றை வாங்கினார்கள். பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிடுவதற்கு அவற்றைப் பயன்படுத்தும் எண்ணம் அன்று பரவலாக இருக்கவில்லை.

முதல் திருப்பம் கோழியிறைச்சியினால் வந்தது என்று கூறினால் வாசகர்கள் வியப்படையக்கூடும். மேற்கு ஜேர்மனியும் பிரான்ஸும் உள்ளிட்ட ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் 1962 இல் அமெரிக்கக் கோழியிறைச்சி மீதான இறக்குமதித் தீர்வையை உயர்த்தின. அதற்குப் பதிலடியாக ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் 1963 டிசெம்பரில் சில பொருட்கள் மீது வரி விதித்தார். இலகுரக லொறிகளுக்கு 25 சதவீதத் தீர்வை விதிக்கப்பட்டது. வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் வான்களே அதன் பிரதான இலக்கு. கோழித் தகராறு காலப்போக்கில் மறக்கப்பட்டது. லொறிகள் மீதான தீர்வை மாத்திரம் அறுபது வருடங்களுக்குப் பின்னரும் நீடிக்கிறது. கார்ச் சந்தையில் ஜப்பானியர்களின் போட்டியைத் தாக்குப்பிடிக்க முடியாமல் டெட்ரோயிட் நிறுவனங்கள் திணறிய வேளைகளில் எல்லாம் லொறிச் சந்தை அவர்களுக்கு மதில் கட்டிய வளவாக இருந்தது.

இரண்டாவது திருப்பமே தீர்க்கமானது. 1973 அரபு எண்ணெய்த் தடையின் அதிர்ச்சிக்குப் பின்னர், 1975 டிசெம்பரில் ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் கையெழுத்திட்ட சக்திக்கொள்கைச் சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் விற்கின்ற கார்களின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கு ஒரு எல்லையை விதித்தது. 1985 ஆம் ஆண்டளவில் கார்கள் கலனுக்கு 27.5 மைல் தூரம் ஓடக்கூடியவையாக இருக்கவேண்டும். லொறிகளுக்கு அந்த இலக்கு விதிக்கப்படவில்லை. அவை விவசாயியின், தச்சரின், சிறுவியாபாரியின் வாகனங்கள் என்பதால், அவற்றுக்கு வேறாகவும் தளர்வாகவும் ஒரு அளவை நிர்ணயிக்கும் பொறுப்பு போக்குவரத்துத் திணைக்களத்திடம் விடப்பட்டது. 1996 முதல் 2004 வரை அந்த அளவு கலனுக்கு 20.7 மைல்களாக மாத்திரமே இருந்தது. விவசாயி மீதான அக்கறையில் பிழை காண்பதற்கில்லை. ஆனால், நாற்சில்லு இயக்கமும் நிலத்திலிருந்து போதிய உயரமும் கொண்ட வாகனமும் 'லொறி'யாகக் கருதப்படலாம் என்று விதிகள் வரையறுத்தபோது வாசல் திறந்துவிட்டது.

அந்த வாசலால் முதலில் வெற்றிகரமாக நுழைந்தது அமெரிக்கன் மோட்டர்ஸ் நிறுவனத்தின் 1984 ஆம் ஆண்டு ஜீப் செரோக்கி. நான்கு கதவுகளும் குடும்பத்துக்கு ஏற்ற இருக்கைகளும் கொண்ட அந்த வாகனம், சட்டத்தின் கண்ணில் லொறி. அதையடுத்து 1990 இல் போர்ட் நிறுவனம் எக்ஸ்ப்ளோரரை அறிமுகம் செய்தது. ரேஞ்சர் என்ற பிக்கப் வாகனத்தின் அடிச்சட்டத்தின் மீதே அது அமைக்கப்பட்டிருந்தது. 1990 களின் பிற்பகுதியில் அது வருடமொன்றுக்கு நான்கு இலட்சத்துக்கும் அதிகமாக விற்பனையானது.

வரிச்சட்டங்களும் அதே திசையிலேயே உதவின. எரிபொருளை விரயம் செய்யும் கார்களுக்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் விதிக்கப்பட்ட விசேட வரி லொறிகளுக்குப் பொருந்தவில்லை. 1991 இல் நடைமுறைக்கு வந்த ஆடம்பரக் கார் வரியிலிருந்து 6,000 இறாத்தலுக்கு மேற்பட்ட எடைவகுப்பைச் சேர்ந்த லொறிகள் விலக்கப்பட்டன. 2003 ஆம் ஆண்டின் வரிச்சலுகையின் கீழ், அத்தகைய எடைகூடிய வாகனத்தைத் தொழிலுக்கென்று வாங்குகின்ற ஒரு வைத்தியரோ சட்டத்தரணியோ ஒரு இலட்சம் டொலர்கள் வரையான செலவை அதே வருடத்தில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. அடுத்த வருடமே காங்கிரஸ் அந்த எல்லையை எஸ்.யூ.வி.களைப் பொறுத்தவரை 25,000 டொலர்களாகக் குறைத்தது.

இந்த வரையறையின் விசித்திரத்தை நிசான் பாத்பைண்டர் வாகனத்தின் வழக்கு நன்கு காட்டுகிறது. இரு கதவுகளைக் கொண்ட அந்த ஜப்பானிய எஸ்.யூ.வி. பிரதானமாக ஆட்களை ஏற்றிச்செல்வதற்காகவே வடிவமைக்கப்பட்டது என்றும், ஆகையால் அது லொறி அல்ல, கார் என்றும் 1994 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதன் பயனாக 25 சதவீதத் தீர்வைக்குப் பதிலாக 2.5 சதவீதத் தீர்வையே பொருந்தியது. சுங்கத்தில் கார் என்று கணிக்கப்படும் இத்தகைய வாகனம், எரிபொருள் விதிகளின் கீழ் லொறியாகக் கணிக்கப்பட்டது.

இதைத் திருத்துவதற்கு எவரும் முயற்சிக்கவில்லை என்று சொல்லமுடியாது. நெவாடா செனட்டர் ரிச்சர்ட் பிரையன் எரிபொருள் சிக்கன அளவைக் கணிசமாக உயர்த்தும் சட்டமூலத்தை 1990 இல் கொண்டுவந்தார். சதாம் ஹுசெய்ன் குவைத்தை ஆக்கிரமித்து ஒரு மாதம் கடந்திருந்த நிலையிலும் கூட, செனட் சபையில் அதை வாக்கெடுப்புக்கு எடுக்கவிடாமல் எதிர்ப்பாளர்கள் தடுத்துவிட்டார்கள். 1990 களின் நடுப்பகுதியிலிருந்து சில வருடங்களுக்கு, புதிய அளவுகளை நிர்ணயிப்பதற்குப் பணம் செலவிடுவதையே காங்கிரஸ் தடைசெய்தது.

2000 ஆம் ஆண்டு ஆகஸ்டில் எக்ஸ்ப்ளோரர்களின் டயர்கள் பற்றிய செய்திகள் வரத் தொடங்கியபோது நான் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். 65 இலட்சம் ஃபயர்ஸ்டோன் டயர்கள் திருப்பி அழைக்கப்பட்டன. ஓடிக்கொண்டிருக்கும்போது டயரின் மேற்பட்டை கழன்று, வாகனம் குடைசாய்ந்தமையே பல மரணங்களுக்குக் காரணம். அந்த டயர்களுடன் தொடர்புபட்ட விபத்துக்களில் 271 பேர் உயிரிழந்ததாக அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் இறுதியில் கணக்கிட்டது. டயர் மீது போர்ட்டும், வாகனத்தின் மீது ஃபயர்ஸ்டோனும் பழிசுமத்தின. உயரமான வாகனம் எளிதில் குடைசாயும் என்ற விடயம் அப்போதுதான் சாதாரண வாசகர்களின் கவனத்துக்கு வந்தது.

அப்போது 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் டெட்ரோயிட் செய்தியாளராக இருந்த கீத் பிரட்ஷர் இந்த வாகனங்களைப் பற்றி பல வருடங்களாக எழுதியவர். 2002 இல் வெளியான அவரது நூல், எஸ்.யூ.வி.கள் தமக்குள் இருப்பவர்களுக்கு வாக்களிக்கின்ற பாதுகாப்பை முழுமையாகக் கொடுப்பதில்லை, மற்றவர்களுக்கோ ஆபத்தை அதிகரிக்கின்றன என்று வாதிட்டது. ஒரு செய்தியாளர் ஒரே துறையை விடாப்பிடியாகப் பின்தொடர்ந்தால் எதைச் சாதிக்கலாம் என்பதற்கு அவரது பணி நல்ல உதாரணம்.

ஆனால், அதன் பின்னர் விவாதம் வேறு திசையில் சென்றது. இயேசுநாதர் இன்றிருந்தால் எந்த வாகனத்தை ஓட்டுவார் என்று கேட்டு 2002 நவம்பரில் கிறிஸ்தவ சுற்றாடல் அமைப்பொன்று பிரசாரம் செய்தது. எஸ்.யூ.வி. ஓட்டுபவர்கள் பயங்கரவாதத்துக்கு நிதியளிக்கிறார்கள் என்று கூறும் தொலைக்காட்சி விளம்பரங்களை 2003 ஜனவரியில் அரியானா ஹஃபிங்டன் வெளியிட்டார். அதே வருடம் ஆகஸ்டில் கலிபோர்னியாவின் வெஸ்ட் கொவினாவில் ஹம்மர் விற்பனை நிலையம் ஒன்றுக்குத் தீவைக்கப்பட்டது. வாகனத்தை வாங்கியவர் சுயநலவாதியாகவும், விமர்சித்தவர் பொறாமைக்காரராகவும் சித்திரிக்கப்பட்டனர். ஒருவரது தார்மீகத்தை மற்றவர் நிறுப்பதிலேயே காலம் கழிந்தது. 'லொறி' என்ற வரையறை தன்பாட்டில் இருந்துகொண்டிருந்தது.

வாங்கியவர்களின் தரப்பு நியாயத்தையும் கூறியாக வேண்டும். பனி மூடிய மலைப்பாதையில் வாழ்பவருக்கு நாற்சில்லு இயக்கம் அவசியம். மூன்று பிள்ளைகளுடனும் ஒரு பாட்டியுடனும் பயணம் செய்கின்ற தாய்க்கு இடம் தேவை. முழங்கால் வலியுடைய முதியவருக்கு உயரமான இருக்கையில் ஏறி இறங்குவது சுலபம். பெரிய வாகனங்கள் நிறைந்த வீதியில் சிறிய காரை ஓட்ட அஞ்சுவது மனித இயல்பு. ஆனால், அந்தக் கடைசிக் காரணத்தில்தான் சிக்கலே இருக்கிறது. அயலவர் பெரிதாக வாங்கியதால் நானும் பெரிதாக வாங்குகிறேன், என்னால் மூன்றாமவர் அஞ்சுகிறார். ஆயுதப் போட்டிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

விமர்சனங்கள் வீண்போகவுமில்லை. மோதலின்போது கார்களின் மீது ஏறிவிடாத வகையில் எஸ்.யூ.வி.களின் முன்பகுதியைத் தாழ்த்தியமைப்பதற்கு 2003 இல் நிறுவனங்கள் இணங்கின. 1990 களின் தொடக்கத்தில் ஒரு கார் இன்னொரு காரின் சாரதியைக் கொல்லும் வாய்ப்பைவிட ஒரு எஸ்.யூ.வி. கொல்லும் வாய்ப்பு 132 சதவீதம் அதிகமாக இருந்தது. 2013 - 2016 காலகட்டத்தில் அந்த வேறுபாடு 28 சதவீதமாகக் குறைந்துவிட்டதாக அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் வீதிப் பாதுகாப்பு ஆய்வகம் கண்டறிந்தது. ஆபத்து இருக்கிறது என்று எழுதியவர்கள் உண்மையைத்தான் எழுதினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வாகனத்துக்கு வெளியில் நடந்து செல்பவருக்கு மாத்திரம் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அமெரிக்காவில் 2009 இல் சுமார் 4,100 பாதசாரிகள் வாகனங்கள் மோதி இறந்தார்கள். 2022 இல் அந்த எண்ணிக்கை 7,500 ஐத் தாண்டியது. இதற்கு வாகனங்களின் பருமன் மாத்திரம் காரணமல்ல. வேகம், கைத்தொலைபேசி, வெளிச்சமற்ற வீதிகள் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால், 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த பொனட்டைக் கொண்ட வாகனங்கள், தாழ்ந்து சரிந்த முன்பகுதியைக் கொண்ட வாகனங்களைவிட சுமார் 45 சதவீதம் அதிகமாகப் பாதசாரிகளுக்கு மரணத்தை விளைவிப்பதாக மேற்கூறிய ஆய்வகமே 2023 இல் தெரிவித்தது. தாழ்ந்த முன்பகுதி காலில் மோதும். உயர்ந்த முன்பகுதி நெஞ்சில் மோதும். குழந்தை என்றால் தலையில்.

எரிபொருள் விலை உயர்ந்தால் இந்த மோகம் தானாகத் தணியும் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. 2008 ஜூனில் ஒரு கலன் பெற்றோல் நான்கு டொலர்களைத் தாண்டியபோது அது மெய்ப்பட்டது போன்றே தோன்றியது. ஹம்மர் 2010 இல் மூடப்பட்டது. ஆனால், விலை இறங்கியதும் பெரிய வாகனங்கள் திரும்பிவந்தன. 2018 ஏப்ரலில் போர்ட் நிறுவனம் மஸ்டாங்கைத் தவிர்ந்த அநேகமாக அனைத்துச் சாதாரண கார்களின் விற்பனையையும் வட அமெரிக்காவில் கைவிடத் தீர்மானித்தது. ஹம்மரும் மின்கல வாகனமாக, நான்கு தொன்களுக்கும் அதிகமான எடையுடன், 2021 இல் மறுபிறவி எடுத்தது. இறுதியாக, 2025 ஜூலை 4 ஆம் திகதி ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டம், எரிபொருள் சிக்கன அளவை மீறும் நிறுவனங்களுக்கான தண்டப்பணத்தைப் பூச்சியமாக்கியது. 1975 ஆம் ஆண்டில் எண்ணெய்க்கு அஞ்சி இயற்றப்பட்ட சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதை மீறுபவர் செலுத்துவதற்குத்தான் எதுவுமில்லை.

எமது நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. உயரமான எந்த வாகனத்தையும் இன்னமும் 'ஜீப்' என்றே அழைக்கின்ற எமக்கு அது அதிகாரத்தின் அடையாளமும்கூட. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்ட தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரங்கள் எத்தனையோ சர்ச்சைகளைக் கிளப்பின. அதேவேளை, இங்கு வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்து விதிக்கப்படுவதால், 1,000 சி.சி. இயந்திரத்துடன் கூடிய டொயோட்டா ரைஸ் போன்ற சிறிய எஸ்.யூ.வி.கள் பெரிதும் விரும்பப்படுகின்றன. அமெரிக்காவின் விதி வாகனத்தைப் பருக்கச் செய்தது, எமது விதி அதன் இயந்திரத்தைச் சுருங்கச் செய்திருக்கிறது. இரண்டு நாடுகளிலும் கொள்வனவாளர் தனது சொந்த விருப்பத்தின் பேரிலேயே வாங்கியதாக நம்புகிறார்.

பெரிய வாகனத்தை ஓட்டுபவரை நிந்திப்பதில் எனக்கு ஆர்வமில்லை. தனக்கு முன்னால் வைக்கப்பட்டவற்றில் ஒன்றை அவர் தெரிவுசெய்கிறார். எதை முன்னால் வைப்பது, அதற்கு எவ்வளவு வரி விதிப்பது, எதைக் கார் என்றும் எதை லொறி என்றும் அழைப்பது ஆகியவற்றைத் தீர்மானிக்கின்ற இடங்களில் கேள்வி கேட்கவேண்டும். அந்த இடங்களில் வாகன நிறுவனங்களின் பிரதிநிதிகள் எப்போதும் அமர்ந்திருக்கிறார்கள். வீதியோரமாக நடந்து செல்பவருக்கு அங்கே பிரதிநிதி எவருமில்லை.