வெடியுப்பும் குதிரையும்: வரலாற்று வியூக விளையாட்டுகளில் வளத் தட்டுப்பாடு

சிட் மையர் 1991இல் தொடங்கிவைத்த ‘சிவிலைசேஷன்’ கணினி விளையாட்டு வரிசையின் மூன்றாம் பகுதி 2001இல் வெளிவந்தது. வியூக வளம் என்ற விதி அதில்தான் புகுந்தது. குதிரை, இரும்பு, வெடியுப்பு, நிலக்கரி, எண்ணெய், ரப்பர், அலுமினியம், யுரேனியம் ஆகிய எட்டும் உலகப் படத்தின் சில கட்டங்களில் மட்டுமே இருக்கும். அப்படியொரு கட்டம் நம் எல்லைக்குள் விழுந்து, அங்கிருந்து தலைநகருக்குச் சாலையும் போட்டுவிட்டால் அதற்குரிய படையைத் திரட்டலாம். இல்லையென்றால் அண்டை நாட்டிடம் பேரம் பேச வேண்டும், அல்லது படையெடுக்க வேண்டும்.

பின்னர் வந்த பகுதிகள் இந்த விதியைச் செப்பனிட்டன. 2010இல் வந்த ஐந்தாம் பகுதியில் ஒவ்வொரு இருப்புக்கும் ஓர் எண் வந்தது. ஒரு வாள்படைக்கு ஓர் இரும்பு என்று கணக்கு. ஆறாம் பகுதிக்கு 2019இல் வந்த ‘கேதரிங் ஸ்டார்ம்’ என்ற விரிவாக்கத்தில் இரும்பு சுற்றுக்கு இரண்டாகக் களஞ்சியத்தில் சேர்கிறது. ஒரு வாள்படைக்கு இருபது செலவாகிறது. கணக்கு நுட்பமானாலும் அடிப்படை மாறவில்லை. வளம் நிலத்தில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. உரிய அறிவு கைகூடியதும் கண்ணுக்குத் தெரிகிறது. நிலத்தைப் பிடித்தவர் கைக்கு வந்து சேர்கிறது. இந்த அடிப்படை வரலாற்றுக்குப் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். போர்களின் போக்கை மாற்றிய தட்டுப்பாடுகளில் பலவற்றை உண்டாக்கியவை உழைப்பு, அதிகாரம், கடல்வழி, கைத்திறன் ஆகியவை. நிலத்தின் பங்கு அவற்றுள் ஒன்று மட்டுமே.

வெடியுப்பை எடுத்துக்கொள்வோம். ஆறாம் பகுதியில் அது உள்ள கட்டத்தின்மேல் சுரங்கம் அமைக்கிறோம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கும்பினிகள் போட்டி போட்டு வாங்கிய பீகார் வெடியுப்பு எந்தச் சுரங்கத்திலிருந்தும் வரவில்லை. கால்நடைக் கழிவும் மனிதக் கழிவும் ஊறிய ஊர்ப்புற மண்ணில் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்கின. மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் சுவரடியிலும் தொழுவத்தருகிலும் உப்பு வெள்ளையாகப் பூக்கும். நோனியா சாதியினர் அந்த மண்ணைச் சுரண்டியெடுத்து, மண்தொட்டியில் இட்டு நீர் ஊற்றி வடிப்பார்கள். வடிநீரைக் காய்ச்சி ஆறவைத்தால் கச்சா உப்பு படியும். அதை மறுபடி கரைத்துக் காய்ச்சிச் சுத்தம் செய்வார்கள். பருவம், விறகு, தலைமுறையாக வந்த கைப்பழக்கம், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிவைத்த இடைத்தரகர் என்று எல்லாம் கூடிய தொழில் அது. பாட்னாவிலிருந்து படகில் கங்கைவழி இறங்கிக் கப்பலேறிய ஒவ்வொரு மூட்டையின் பின்னாலும் இவ்வளவும் இருந்தன.

அதே உப்பு இங்கிலாந்திலும் கிடைக்கத்தான் செய்தது. அரசு அனுமதி பெற்ற வெடியுப்புக்காரர்கள் வீடுகளிலும் புறாக்கூண்டுகளிலும் புகுந்து தரையைத் தோண்டினார்கள். 1626இல் முதலாம் சார்லஸ் குடிமக்களின் சிறுநீரைச் சேர்த்துவைக்கச் சொல்லி ஆணையிட்டார். வெறுப்பு முற்றி, உரிமையாளரின் இசைவின்றி எவரும் தோண்டக்கூடாது என்று 1656இல் சட்டம் வந்தது. ஆக, அங்கே தட்டுப்பாட்டின் அளவைத் தீர்மானித்ததில் மண்ணுக்கு இருந்த பங்கு குடிமக்களின் பொறுமைக்கும் இருந்தது. இந்திய வெடியுப்பு பெருமளவில் வந்திறங்கிய பிறகே அந்தத் தொல்லை முழுதாக ஓய்ந்தது. பிளாசிப் போருக்கு மறு ஆண்டு, 1758இல், வங்காள நவாப் மீர் ஜாபரிடமிருந்து பீகார் வெடியுப்பின் முற்றுரிமையை ஆங்கிலக் கும்பினி பெற்றது. ஏழாண்டுப் போரில் வெடிமருந்துக்குத் திண்டாடிய பிரான்சு 1775இல் வெடிமருந்துத் துறையைத் திருத்தியமைத்து, பொறுப்பாளர்களில் ஒருவராக வேதியியலறிஞர் லவாசியேயை அமர்த்தியது. 1793, 94இல் புரட்சி அரசு குடிமக்களையே தத்தம் நிலவறைகளைச் சுரண்டச் சொன்னது. நாட்டின் நிலம் மாறவில்லை. நிர்வாகமும் மக்களின் உழைப்பும் மாறியதும் பற்றாக்குறை தளர்ந்தது. இதைச் சொல்ல விளையாட்டிடம் ஒரு விதியும் இல்லை.

குதிரையின் கதை வேறு விதம். மேய்ச்சல் நிலம் ஒன்றைப் பிடித்தால் குதிரை தீராமல் வந்துகொண்டிருக்கும் என்பது விளையாட்டின் கணக்கு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் எழுதுகிறார். வெப்பமும் ஒவ்வாத தீவனமும் பராமரிப்பில் போதிய பழக்கமின்மையும் அவற்றைக் கொன்றன. அரபு வணிகர்களுக்கு அந்தச் சாவே வருமானம். எனவே அங்கே உண்மையான வளம் கப்பல்வழிதான். 1547இல் விசயநகரம் போர்த்துக்கீசரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் கோவாவழிக் குதிரை வணிகம் முதன்மை பெற்றதற்கும் இதுவே காரணம். இரும்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. புவி மேலோட்டின் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்பு. பழைய உலைக்களங்களில் அருமையாக இருந்தவை கரியும் கொல்லரின் திறமையும்.

விளையாட்டை விளையாட்டாகப் பார்க்க வேண்டும், எளிய விதி இல்லாமல் யார் ஆடுவார் என்று ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்புதான். வளம் ஏறுமாறாகப் பரவியிருந்தால்தான் வணிகமும் பகையும் பிறக்கும், ஆட்டம் சூடுபிடிக்கும். ஆனால் மீண்டும் மீண்டும் ஆடப்படும் விதி காலப்போக்கில் ஒரு வரலாற்றுக் கொள்கையாகவே மனத்தில் படிகிறது. நிலம் பிடித்தால் வளம் வரும் என்ற கொள்கை பேரரசுகள் தமக்குத்தாமே சொல்லிக்கொண்ட நியாயம். அதை ஆராயாமல் விடுவது கல்விப்புலத்தின் குறை.

எளிமை குலையாமலே வேறு விதிகள் வகுக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2016இல் பாரடாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ விளையாட்டில் கடல்கடந்து வரும் ரப்பருக்குச் சரக்குக் கப்பல் வேண்டும். நீர்மூழ்கிகள் அதை மூழ்கடிக்கும். செயற்கை ரப்பருக்கு ஆலை கட்டலாம். போக்குவரத்தும் அறிவும் இங்கே கணக்கில் வந்துவிட்டன. வராதது உழைப்பு. 1942 பிப்ரவரிக்குள் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் வசமாயின. அமெரிக்காவின் இயற்கை ரப்பர் வரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அறுபட்டது. ஜப்பானிடமோ தேவைக்கு மேல் ரப்பர் இருந்தது. ஏற்றிச்செல்லக் கப்பல் போதவில்லை. தோட்டங்கள் முடங்கின. ஆள்சேர்க்கும் கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து சென்றிருந்த பால்வெட்டுத் தொழிலாளர் கூலியிழந்தனர். அவர்களில் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். விளையாட்டில் மலாயா கைமாறும்போது ஆக்கிரமிப்பு விதிகளால் ரப்பர் எண் குறையும். அவ்வளவே.

அதே நிறுவனத்தின் ‘விக்டோரியா 3’ (2022) ஒரு படி முன்னே போகிறது. அதில் ரப்பர் தோட்டம் கட்டினால் போதாது, வேலைக்கு ஆள் வராவிட்டால் விளைச்சல் இல்லை. நான் அறிந்த வரலாற்று விளையாட்டுகளில் தட்டுப்பாட்டை உண்மைக்கு மிக அருகில் காட்டுவது இதுவே. பாரடாக்ஸ் விளையாட்டுகளின் விதிகள் பெரும்பாலும் எளிய எழுத்துக் கோப்புகளில் இருக்கின்றன. ஆடுபவர் திருத்தி எழுதலாம். மலாயாத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆராய்பவர்களும் நிரல் எழுதத் தெரிந்த மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, கங்காணி முறையையும் முன்பணக் கடனையும் கப்பல் பற்றாக்குறையையும் விதிகளாக வகுத்து அந்தக் கோப்புகளில் சேர்க்க முன்வர வேண்டும்.